கையில் குச்சி இருந்தால் தட்டத்தான் செய்யும்: ஒரு மூன்றாம் வகுப்பு இசைப் பாடவேளையின் நிகழ்வு ஆய்வு

இந்த வகுப்பைப் பற்றி மற்ற ஆசிரியர்கள் சொன்னது ஒரே வரிதான்: "அடங்காத பிள்ளைகள்." ஆனால் கணக்குப் பாடத்தில் இதே பிள்ளைகள் ஓரளவு ஒழுங்காகவே இருந்தார்கள். இசை அறைக்குள் நுழைந்தால்தான் ரகளை. அப்படியானால் கோளாறு முழுவதும் பிள்ளைகளிடம் இருக்க முடியாது. அந்த அறையிலும், பாடவேளை அமைந்த விதத்திலும் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லத்தான் இசை ஆசிரியர் என்னைப் பின்னால் வந்து உட்காரச் சொன்னார். சில மாதங்கள் அவ்வப்போது போய் உட்கார்ந்தேன். பள்ளி, ஆசிரியர், பிள்ளைகள் யாருடைய அடையாளமும் இங்கே இல்லை.

வகுப்பும் அறையும்

எட்டு வயதை ஒட்டிய 30 பிள்ளைகள். வாரத்துக்கு ஒரு பாடவேளை, 40 நிமிடம். கட்டைகளைக் கழற்றி மாட்டக்கூடிய சைலோஃபோன்கள் 10, சில கை டிரம்கள், கொஞ்சம் மராக்காஸ் (கிலுகிலுப்பை போலக் குலுக்கி வாசிப்பது), ஒரு டிரையாங்கிள் (தட்டினால் மணிபோல ஒலிக்கும் முக்கோணக் கம்பி), ஒரு கீபோர்டு. ஆசிரியர் புதியவர் இல்லை. நன்றாகப் பாடுவார், பிள்ளைகளைப் பிடிக்கும், பாடத்திட்டமும் கையில் உண்டு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வகுப்பு கலைந்தால் 'ஆசிரியருக்கு அனுபவம் போதாது' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இங்கே அந்தப் பேச்சு செல்லாது.

அறைதான் முதலில் கவனத்தை இழுத்தது. வழவழப்பான தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர்கள். சாதாரண அளவு வகுப்பறையில் எதிர்முழக்கம், அதாவது சத்தம் நின்ற பிறகும் சுவர்களில் பட்டு நீளும் ஒலி, 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பள்ளி ஒலியியல் தர அளவு. இங்கே அளந்து பார்க்கவில்லை, அளக்கத் தேவையும் இல்லை. ஒரு கைத்தட்டலின் வால் அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழுவது காதுக்கே தெரிந்தது. முப்பது பேர் சாதாரணமாகப் பேசினாலே அது கூச்சலாகத்தான் கேட்கும்.

நடந்தது என்ன

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் வரிசை போய், சைலோஃபோன் பக்கம் இடம் பிடிக்க ஓட்டம். ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுத்தார். பெயர், "பிரசென்ட் மிஸ்", அடுத்த பெயர், "பிரசென்ட் மிஸ்". தன் பெயர் வரும் வரைக்கும், வந்த பிறகும், ஒரு பிள்ளைக்குச் செய்ய ஒன்றுமில்லை. பதிவேட்டை மூடும்போது அறை முழுச் சத்தத்துக்கு ஏறியிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவர் "அமைதி, அமைதி" என்றார்.

அடுத்தது கருவி கொடுக்கும் படலம். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குச்சியை வாங்கிய பிள்ளை தன் இடத்தில் உட்காருவதற்குள் நாலு தட்டு தட்டிவிடும். பத்தாவது பிள்ளை உட்கார்ந்தபோது ஒன்பது பேர் ஒன்பது விதமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற இருபது பேரும் "மிஸ், எனக்கு எப்ப?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இப்போ என்ன செய்யப் போறோம்னா" என்று விளக்கம் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். விளக்கம் காதில் விழவில்லை, அதனால் தப்பாக வாசித்தார்கள். தப்பாக வாசித்ததால் அவர் நிறுத்தினார். நிறுத்தியதும் மறுபடி பேச்சு.

ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொண்டேன். பிள்ளைகள் பாடுவதோ வாசிப்பதோ அசைவதோ ஒரு பக்கம். காத்திருப்பது, கேட்டுக்கொண்டு இருப்பது, திட்டு வாங்குவது மறுபக்கம். முதல் பக்கம் மொத்த நேரத்தில் கால் பங்கைத் தொட்டிருந்தால் அதிகம். அதைவிட முக்கியம், தொல்லை எங்கே விழுந்தது என்பது. தள்ளுமுள்ளு, குச்சியால் குத்துவது, மேசைக்கு அடியில் போவது எல்லாம் ஏறக்குறைய முழுசாக இரண்டாம் பக்கத்தில்தான். நடுவில் ஒரு பாட்டை எல்லோரும் சேர்ந்து தொடையில் தட்டிக்கொண்டு பாடினார்கள். 'ரொம்ப மோசம்' என்று பெயர் எடுத்த மூன்று பையன்களும் அந்தப் பாட்டு முடியும்வரை வேறு பக்கம் திரும்பவே இல்லை.

இந்த ஆய்வில் நான் சொல்ல நினைப்பதே இதுதான்: அந்த அறையில் கட்டுப்பாடு குறைவாக இருக்கவில்லை, இசை குறைவாக இருந்தது.

ஏன் அப்படி

வகுப்பு மேலாண்மை பற்றிப் பேசுகிறவர்கள் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனினை விட்டுவிட முடியாது. வகுப்பறைகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்து 1970-ல் அவர் வெளியிட்ட முடிவு பலருக்கும் அதிர்ச்சி. பிள்ளை தவறு செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதற்கும் வகுப்பு நன்றாக நடப்பதற்கும் சொல்லும்படியான தொடர்பு தென்படவில்லை. வித்தியாசம் அதற்கு முன்னால் இருந்தது. வேலை தடைபடாமல் ஓடுகிறதா, எல்லோரும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியதை ஒவ்வொருவராகச் செய்யவைத்து நேரத்தைத் துண்டாடுகிறார்களா, ஒரு பக்கம் கவனிக்கும்போதே மறுபக்கம் நடப்பதும் ஆசிரியருக்குத் தெரிகிறது என்று பிள்ளைகள் உணர்கிறார்களா என்பதில்தான். பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கருவி கொடுத்தது அந்தத் துண்டாடலேதான்.

இரண்டாவது, குரல். சுற்றிலும் சத்தம் இருந்தால் பேசுகிறவர் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவார். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-ல் எழுதியதால் இதற்கு லொம்பார் விளைவு என்றே பெயர். இது ஆசிரியருக்கு மட்டும் வருவது இல்லை. அவர் கத்தும்போது அவருடைய குரலும் அறையின் சத்தத்தில் சேர்கிறது, அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் இன்னும் உயர்த்துகிறார்கள். எதிர்முழக்கம் உள்ள அறையில் இந்த ஏணிக்கு முடிவே கிடையாது. தொண்டை கட்டுவதுதான் மிச்சம்.

மூன்றாவது, சுருதி. ஆசிரியர் பாட்டைத் தன் தொண்டைக்கு வசதியான கீழ்ச் சுருதியில் எடுத்தார். பெரியவர்கள் அநேகமாக இப்படித்தான் எடுப்போம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு கீபோர்டின் நடு சி-க்கு அடுத்த டி ஸ்வரத்திலிருந்து மேலே போகும் பகுதிதான் பொதுவாகச் சுகம். அதற்குக் கீழே போனால் குரல் உறுமலாகும், இல்லையென்றால் பேச்சாகும். பாதிப் பேர் பாடாமல் நின்றதை ஆசிரியர் அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டார். எட்டாத படியில் எப்படி ஏறுவார்கள்?

அப்புறம் வேகம். தாளமாகத் தட்டுங்கள் என்று சும்மா விட்டால் பெரியவர்கள் பலரும் நொடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தட்டுவார்கள். சிறு பிள்ளைகளின் இயல்பான வேகம் அதைவிட அதிகம். ஆசிரியர் நிதானமாக ஒரு தாளத்தை வைக்க, வகுப்பு முந்திக்கொண்டு ஓடியது. "அவசரப்படாதே" என்று பத்துத் தடவை சொல்வதற்குப் பதில் பாட்டைக் கொஞ்சம் விரைவாக எடுத்திருந்தால் போதும். மெதுவாக வாசிப்பது பிள்ளைகளுக்குக் கடினம், அது பின்னால் கற்கவேண்டிய திறமை. எளிது என்று நினைத்து நாம் மெதுவாக்குவதுதான் வேடிக்கை.

என்ன மாற்றினோம்

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றவில்லை. முதலில் வாசல். ஆசிரியர் மேசையை விட்டு எழுந்து வாசலில் கை டிரம்முடன் நின்றார். பிள்ளைகள் அந்தத் தாளத்துக்கு நடந்து வந்து, தரையில் ஒட்டிய வண்ணப் புள்ளிகளில் நிற்க வேண்டும். தாளம் நடையானால் நடை, ஓட்டமானால் ஓட்டம், நின்றால் சிலை. உடம்பின் அசைவு வழியாக லயத்தைக் கற்பிப்பது சுவிட்சர்லாந்தின் இசை ஆசிரியர் எமில் ஷாக்-தால்குரோஸ் நூறு வருடத்துக்கு முன்பே செய்து காட்டியது. இங்கே அது ஒரு கல்லில் இரண்டு மாங்காய்: ஓடி இடம் பிடிக்கும் ஆசையும் தீர்ந்தது, பாடமும் வாசலிலேயே தொடங்கிவிட்டது.

வருகைப் பதிவு பாட்டாக மாறியது. ஆசிரியர் பெயரைப் ப-விலிருந்து க-வுக்கு இறங்கும் இரண்டு ஸ்வரங்களில் பாடிக் கூப்பிடுவார், பிள்ளை அதே ஸ்வரங்களில் "இருக்கேன்" என்று திருப்பிப் பாட வேண்டும். ஹங்கேரியின் இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் வழி வந்த பாடமுறைகளில் பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான் தொடங்குவார்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தூரத்திலிருந்து கூப்பிடும்போது தானாக வருவதும் ஏறக்குறைய இதுவே. முப்பது பேர் பாடி முடிக்கப் பழைய முறையைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் ஆனது. ஆனாலும் அது வீண் நேரம் இல்லை. யார் சுருதியில் நிற்கிறார், யார் பேசிவிட்டுப் போகிறார் என்று ஆசிரியருக்கு ஒவ்வொரு வாரமும் தனித்தனியாகத் தெரிந்தது. முப்பது பேருள்ள வகுப்பில் ஒவ்வொரு குரலையும் தனியாகக் கேட்க வேறு நேரம் எங்கே கிடைக்கும்?

கருவியில் செய்த மாற்றம்தான் பெரியது. முதலில் உடம்பு, அப்புறம் கருவி. சைலோஃபோனில் வரவேண்டிய வரியை முப்பது பேரும் முதலில் தொடையில் தட்டினார்கள், இடது வலது மாறாமல், வாயில் சொல்லிக்கொண்டே. அது கைக்கு வந்த பிறகே குச்சி. அந்த வேலையும் துண்டு துண்டாக வேண்டாம் என்று கருவிகளைப் பிள்ளைகள் வருமுன்பே தரையில் வைத்துவிட்டார். ஒரு சைலோஃபோனுக்கு மூன்று பேர். ஒருவர் வாசிக்க, இரண்டாமவர் தொடையில் அடிப்படைத் தாளம் வைக்க, மூன்றாமவர் பாட வேண்டும். வரி முடிந்ததும் எட்டு எண்ணிக்கைக்குள் இடம் மாற வேண்டும், தாளம் நிற்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் இந்த மாற்றம் படு குழப்பம். முட்டிக்கொண்டார்கள், ஒரு குச்சி உருண்டு ஜன்னல் பக்கம் போனது. ஆசிரியர் விடவில்லை. கருவி இல்லாமல், மாறுவதை மட்டும் தனியாகப் பழக்கினார். அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது.

"எனக்கு எப்ப?" என்ற கேள்வி மறைந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. எப்போது என்று பிள்ளைக்குத் தெரியும்: இன்னும் இரண்டு சுற்று. அதுவரை கையும் வாயும் சும்மா இல்லை.

குச்சிக்கு ஒரு வீடும் கொடுத்தார். ஆசிரியர் பேசும்போது குச்சியின் தலை தோளில் சாய்ந்திருக்க வேண்டும். "தட்டாதே" என்பது எட்டு வயதுக் கைக்குக் கஷ்டமான கட்டளை. "தோளில் வை" சுலபம், கைக்கு ஒரு வேலை இருக்கிறது.

சைலோஃபோனில் எஃப், பி கட்டைகளை, அதாவது ம, நி இரண்டையும், கழற்றி வைத்தார். மிஞ்சுவது ச ரி க ப த. மோகன ராகம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், இதில் எதை எதோடு சேர்த்து அடித்தாலும் காதைக் குத்தாது. கட்டை கழற்றும் சைலோஃபோன்கள் பள்ளிகளில் பரவியது ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் (1895–1982) வழியாகத்தான், காரணமும் இதுவே. தப்பு ஸ்வரம் என்று ஒன்று இல்லாதபோது, திருத்துவதற்காக நிறுத்தும் அவசியமும் பாதியாகக் குறைகிறது. ஆசிரியர் நாலு எண்ணிக்கைக்கு ஒரு 'கேள்வி' வாசிப்பார், பிள்ளை நாலு எண்ணிக்கைக்குத் தானே ஒரு 'பதில்' போட வேண்டும். ஒரு பெண் தொடர்ந்து மூன்று வாரம் ஒரே ஒரு ஸ்வரத்தை நாலு தடவை தட்டிப் பதில் சொன்னாள். நாலாவது வாரம் கடைசித் தட்டை மட்டும் கீழே இறக்கினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது, 'முடிந்தது' என்ற உணர்வு அதில் அவ்வளவு தெளிவாக இருந்தது.

நிறுத்தும் சைகைக்கு டிரையாங்கிள். ஒரே ஒரு தட்டு; சத்தம் முழுசாக மறையும் நொடியில் விரலை உயர்த்த வேண்டும். அது மெல்ல மெல்லத் தேய்வதால் கேட்க வேண்டுமென்றால் வாயை மூடித்தான் ஆக வேண்டும். விசில் ஊதினால் இந்தப் பலன் வராது. ஆனால் இப்படிப்பட்ட சைகைகளுக்கு ஆயுள் குறைவு. கொஞ்ச நாளில் சலித்துவிடும். சலித்தபோது அவர் எதிரொலித் தட்டுக்கு மாறினார்: அவர் தட்டியதை வகுப்பு திருப்பித் தட்டும், ஒவ்வொரு முறையும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் இரண்டு விரல்.

பாட்டில் இரண்டு திருத்தம். சுருதியை ஏற்றி எடுத்தார். பிள்ளைகளோடு கூடவே பாடுவதையும் விட்டார். அவர் பாடும்போது அவர்கள் கேட்பார்கள், அவர்கள் பாடும்போது அவர் கேட்பார். கூடவே பாடினால் ஆசிரியருக்குத் தன் குரல்தான் கேட்கும், வகுப்பு என்ன பாடுகிறது என்று தெரியாது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டதும் ஒரு நொடி அளவே பொறுக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வருகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். இசை வகுப்பில் அந்த மூன்று நொடிக்கு ஒரு வசதி உண்டு, நாலு எண்ணிக்கையை மனசுக்குள் விட்டுவிட்டால் போதும்.

இரண்டு பிள்ளைகள்

முறை மாறினாலும் மாறாத சிலர் இருந்தார்கள். ஜன்னல் ஓரத்துப் பையன் ஒருவன் டிரம் சத்தம் வந்தாலே மேசைக்கடியில் போவான், வெளியே இழுத்தால் எல்லோரையும்விட ஓங்கித் தட்டுவான். அடாவடி என்றுதான் தோன்றும். கவனித்துப் பார்த்தால், அடியில் போகுமுன் ஒவ்வொரு தடவையும் காதைப் பொத்தினான். தானே ஓங்கித் தட்டும்போது மட்டும் பொத்தவில்லை, அந்தச் சத்தம் எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும் அல்லவா? ஆசிரியர் அவன் புள்ளியை டிரம்களுக்கு எதிர் மூலையில், கதவருகில் மாற்றினார். சத்தமான பகுதி வருமுன் கையால் ஒரு சைகை காட்டினார். மென்தலைக் குச்சியால் வாசிக்கும் கீழ்ஸ்தாயிக் கட்டைகளை அவனுக்குக் கொடுத்தார். பெற்றோரிடமும் பேசி, காதை மூடும் ஹெட்ஃபோன் வைத்துக்கொள்ள ஏற்பாடானது. அது இப்போது பெரும்பாலும் அவன் கழுத்தில்தான் கிடக்கிறது. இது மருத்துவக் கணிப்பு இல்லை, அந்த வேலை ஆசிரியருடையதும் இல்லை.

இன்னொருத்தி வாயே திறக்காதவள். "உனக்குப் பாட வராது" என்று வீட்டில் யாரோ சொன்னதை அப்படியே கொண்டுவந்திருந்தாள். வருகைப் பாட்டில் அவள் பதில் பேச்சுக் குரலில்தான் வரும். ஆசிரியர் அவளைத் தன் சுருதிக்கு இழுக்கவில்லை. அவள் எந்தச் சுருதியில் பேசினாளோ அதிலேயே போய், அதை ஒரு ஸ்வரமாக நீட்டிப் பாடினார். இரண்டு குரலும் ஒன்றாகச் சேர்ந்தது, அவளுக்கே புதுசாக இருந்திருக்கும், சிரித்துவிட்டாள். அங்கிருந்து அரை அரைப் படியாக மேலே. "ஊ" என்று சைரன் போல ஏற்றி இறக்கி, கூடவே கையையும் ஏற்றி இறக்கி. பல வாரம் பிடித்தது. இப்போது ப-வை எட்டுகிறாள், க-வில் சில நாள் வழுக்குகிறாள். பாட வராத குரல் என்று நாம் முத்திரை குத்துவதில் பெரும்பகுதி, மேல் ஸ்தாயியை இன்னும் கண்டுபிடிக்காத குரல்தான்.

சரிவராதவை

நட்சத்திர அட்டை. ஒழுங்காக இருக்கும் வரிசைக்கு நட்சத்திரம் என்று ஆசிரியரே விரும்பிக் கொண்டுவந்தார். முதல் வாரம் அபாரம். இரண்டாம் வாரத்திலிருந்து வகுப்பு இசையை விட்டுவிட்டு நட்சத்திரக் கணக்கில் இறங்கியது. "அவன் ஆடினான் மிஸ், அவங்களுக்குக் குறைங்க" என்று புகார் ஊர்வலம். விருப்பத்தோடு செய்யும் வேலைக்குப் பரிசு உறுதி சொன்னால் விருப்பம் குறைகிறது என்று உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-ல் படம் வரையும் சிறு பிள்ளைகளிடம் பார்த்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பரிசே கூடாது என்பது என் கட்சி இல்லை. டிரம் வாசிப்பதே பரிசாக இருக்கும் அறையில் இன்னொரு பரிசு எதற்கு?

நீண்ட விடுமுறைக்குப் பின் முதல் வகுப்பு பழைய நிலைக்கே போய்விட்டது. ஆசிரியர் விடுப்பில் இருந்த நாளில் வேறொருவர் வந்து கருவிகளைப் பெயர் சொல்லிக் கொடுத்தார், விளைவு ஊகிக்கக்கூடியதே. பழக்கங்கள் பிள்ளைகளிடம் ஊறிவிட்டன என்று நாங்கள் நினைத்தது அரைகுறை உண்மை. பாதி ஊறியிருந்தது ஆசிரியரிடம். இப்போது மாற்று ஆசிரியருக்காக ஒரு பக்கக் குறிப்பு மேசையில் இருக்கிறது: வாசலில் தாளம், தோளில் குச்சி, எட்டு எண்ணி மாற்றம்.

அறையின் எதிர்முழக்கத்துக்கு ஒரு பழைய கம்பளமும், பின்சுவரில் தடிப்பான துணிப் பலகைகளும் வந்தன. கொஞ்சம் மேல். பக்கத்து வகுப்பின் புகார் மட்டும் தீரவில்லை. வாசலில் கடந்துபோகும் நிர்வாகத்தினர் சத்தத்தை வைத்தே வகுப்பை எடைபோடுவதும் அப்படியே இருக்கிறது. இசை அறை அமைதியாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று அவர்களிடம் சொல்லிப் பார்த்தார். பலன் இல்லை. ஒரு நாள் உள்ளே கூப்பிட்டு, இடம் மாறும் சுற்றில் ஒரு தொடைத் தாளத்தைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு குறைந்தது.

நிகழ்ச்சிக் காலம்

கடைசியாகப் பார்த்தபோது ஆண்டு நிகழ்ச்சிக்கான ஒத்திகை தொடங்கியிருந்தது. பல நல்ல இசை வகுப்புகள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். நன்றாக வாசிக்கும் ஐந்தாறு பேரை முன்னால் நிறுத்தி, மற்றவர்களைப் பின்னால் நிறுத்தி, ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பி. காத்திருக்கும் கூட்டம் மறுபடி உருவாகிவிடும், அதோடு பழைய தொல்லைகளும். முதல் ஒத்திகையில் அதற்கான அறிகுறி தெரிந்தது: தனி வாசிப்பைத் திருத்த ஆசிரியர் நிறுத்திய நிமிடத்தில் பின்வரிசையில் இரண்டு மராக்காஸ் வாள்களாகிவிட்டன.

அடுத்த ஒத்திகையில் அவர் எல்லா வரியையும் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார். தனி வாசிப்பு உட்பட. ஒருவரைத் திருத்தும்போது மீதி 29 பேரும் அதே வரியைத் தொடையில் தட்ட வேண்டும். மேடையில் யார் எதை வாசிப்பது என்பதைக் கடைசி வாரம் வரை முடிவு செய்யவில்லை, பிறகு சீட்டுக் குலுக்கினார். ஜன்னல் ஓரத்துப் பையனுக்குச் சீட்டில் வந்தது டிரம். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர் தனியாகக் கேட்டார். அவன் யோசித்துவிட்டு, "நானே தட்டுறேன்னா பரவாயில்ல மிஸ்" என்றான்.